அண்ணாமலைக்குப் பெயரன் யார்?

செஞ்சியினின்று திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மலைக்குக் கீழ்த்திசையில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். இன்று பேரூராட்சியாகவும் வட்டத் தலைமையிடமாகவும் விளங்குகின்ற அவ்வூரின் நெல்வயல்களிலும் மல்லாட்டைக் கொல்லைகளிலும் நின்று மேற்கே நோக்குவார்க்குக் கதிரவன் சாயும் பக்கத்தே ஒரு மலை தோன்றும். கார்த்திகைத் திங்களில் அம்மலையுச்சிக் கொப்பரையில் சுடர் எழக் கண்ட பின்னரே சுற்றுப்புறத்துச் சிற்றூர்களில் இல்லந்தோறும் அகல் ஏற்றுவர். “அதோ அண்ணாமலை!” என்று முதியோர் சிறுவர்க்குக் கைகாட்டுவர். ஏட்டறிவு இல்லாத பாட்டியும் அதனை ‘அருணாசலம்’ என்று சொல்வதில்லை. மலையேறுங் கூட்டத்தார் எழுப்பும் முழக்கத்திலும் அண்ணாமலை என்பதே பெயர்.

ஆயின், அம்மலையைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்த குடும்பங்களின் பெயர்வழியை வரிசைப்படுத்திக் காண்பார்க்கு நெஞ்சு நோகாமல் இராது. பாட்டன் பெயர் அண்ணாமலை. அவர் மகன் அருணாசலம். அருணாசலத்தின் மகன் அருண். அருணின் மகனோ ஆருசோ ஆரவோ, யாரும் பொருள் சொல்லவியலாத வேறொன்றோ! கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மட்டுமன்று, தமிழ்நாடெங்கும் காணக்கூடிய ஏணி இது. ஏறும் ஏணியன்று, இறங்கும் ஏணி. முதற்படியில் தமிழ் இருந்தது. இரண்டாம் படியில் தமிழ் போயிற்று. மலை வேற்றுமொழி உடுத்து நின்றது. மூன்றாம் படியில் மலையும் போயிற்று. நிறம் மட்டும் எஞ்சியது. நான்காம் படியில் எதுவும் இல்லை.

இஃது எங்ஙனம் நேர்ந்தது? இதனால் இழந்தது யாது? இதனை எண்ணிப் பார்த்தல் தமிழர் கடன்.

பெயரின் பொருள்

‘அண்ணுதல்’ என்பது நெருங்குதல். நெருங்கவியலாதது அண்ணா, எனவே எவராலும் அணுகவியலாத மலை அண்ணாமலை. அடியும் முடியும் காண இயலாது நின்ற அழற்றூண் என்னும் பழங்கதைக்கும் இப்பொருளே பொருந்தும். மற்றொரு வகையாகவும் கொள்வர். ‘அண்’ என்னும் அடி மேல், உயர்வு என்னுங் கருத்துடையது. வாயின் மேற்பகுதி அண்ணம். தலைநிமிர்ந்து மேலே நோக்குதல் அண்ணாத்தல். உடன்பிறந்தாருள் மூத்தோன் அண்ணன். ஆகவே அண்ணாந்து நோக்கத்தக்க மலை அண்ணாமலை என்பாரும் உளர். இவ்விரண்டனுள் எதனைக் கொள்ளினும் சொல் தமிழே, பொருளும் தமிழே. ஏறத்தாழ 2,668 அடி உயர்ந்து சமநிலத்தின் நடுவே தனித்து நிற்கும் அம்மலையைக் கண்டார்க்கு விளக்கமே வேண்டா.

‘அருணாசலம்’ என்பதோ வடமொழி. அருணம் சிவப்பு, அசலம் அசையாதது, அஃதாவது மலை. செந்நிற மலை என்பது அதன் பொருள். இது மொழிபெயர்ப்பும் அன்று; அண்ணாமலை என்பதற்கும் இதற்கும் பொருளளவில் ஒட்டும் உறவும் இல்லை. பழம்பெயரின் மேல் ஏற்றப்பட்ட புதுப்பெயர் அது.

நாவுக்கரசரும் சம்பந்தரும் அவ்வூரைப் பாடிய காலத்தில் அண்ணாமலை என்றே பாடினர். பிற்காலத்தில் எல்லப்ப நாவலர் இயற்றிய ஊர்ப்புராணத்தின் பெயர் அருணாசல புராணம். 1896இல் அங்கு வந்து 1950இல் மறையும் வரை அம்மலையடியிலேயே வாழ்ந்த இரமணரின் புகழோடு உலகெங்கும் பரவியதும் அருணாசலம் என்னும் பெயரே. இன்று ஊரின் பெயர் திருவண்ணாமலை. 1989இல் வடஆர்க்காட்டினின்று பிரிக்கப்பெற்ற மாவட்டத்தின் பெயரும் திருவண்ணாமலை. ஆனால் கோயிலின் அலுவல்முறைப் பெயர் அருணாசலேசுவரர் திருக்கோயில்! ஊர் தமிழில் இருக்க, ஊர்க்குப் பெயர் தந்த இறைவன் வடமொழியில் இருக்கின்றான்.

அம்மையின் பெயரும் இவ்வாறே ஆயிற்று. உண்ணாமுலை என்பது அழகிய தமிழ்ப்பெயர். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘அபீதகுசாம்பாள்’ என்றனர். உண்ணாமுலை என்னும் பெயர் மக்கள் வாயில் உண்ணாமலை என்று திரிந்து பெண்பிள்ளைகளுக்கு இடும் பெயராய் இன்றளவும் வாழ்கின்றது. அபீதகுசாம்பாள் என்று தம் மகளை அழைத்த தாய் எத்துணைப் பேர்? வாயில் நுழையாத பெயர் வாழ்வில் யாங்ஙனம் நுழையும்?

ஒன்றன்று, ஒரு வரிசை

அண்ணாமலைக்கு நேர்ந்தது தனிநேர்ச்சியன்று. முதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. மறைக்காடு வேதாரணியம் ஆயிற்று. சிற்றம்பலம் ஒலி திரிந்து சிதம்பரம் என்றாகிப் புதுப்பொருளும் பெற்றது. மயிலாடுதுறை மாயூரமாகி, மாயவரமாகிப் பன்னெடுங்காலம் தன்னை மறந்திருந்து, 1982இல் அரசாணையால் தன் பெயரை மீளப் பெற்றது. ஊர்ப்பெயர் மாறவே, ஊரையொட்டி இடப்பெறும் ஆட்பெயரும் உடன் மாறியது. முதுகுன்றத்தார் பிள்ளை விருத்தாசலம் ஆனான். அண்ணாமலையார் பிள்ளை அருணாசலம் ஆனான்.

இவ்வெள்ளத்தை எதிர்த்து நீந்திய ஒருவரை ஈண்டு நினைத்தல் தகும். திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளையாகலின் பெற்றோர் அவர்க்கு வேதாசலம் என்று பெயரிட்டனர். 1916இல் அவர் தம் பெயரைத் தாமே தமிழாக்கி மறைமலை ஆனார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. வடமொழி ‘அசலம்’ என்று மூடிவைத்த மலையை ஒரு தனிமனிதர் தம் பெயரிலிருந்தே திறந்து காட்டினார். அவ்வழியே தேவநேசன் தேவநேயன் ஆனார். அவர்க்கு முன்னரே சூரியநாராயணர் தம்மைப் பரிதிமாற்கலைஞர் என்று எழுதிக் காட்டியிருந்தார். பெயரை மாற்றுதல் எளிதோ எனக் கேட்பார்க்கு இவர்கள் வாழ்வே விடை.

பெயர் தாங்கியோர்

அண்ணாமலை என்னும் பெயர் ஒரு மலையடிவாரத்தோடு நின்றதில்லை. அது தமிழ்நாடு முழுதும் நடந்தது. தெற்கே சென்னிகுளத்திற் பிறந்த அண்ணாமலை இரெட்டியார், ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் இருதயாலய மருதப்பரின் ஆதரவில் வாழ்ந்து, கழுகுமலை முருகன்மேற் காவடிச்சிந்து பாடினார். இளமையிலேயே மறைந்தும், காவடி தூக்குவார் நடைக்கேற்ற இசையைத் தமிழுக்கு நிலையாக வைத்துச் சென்றார். சிந்து என்றாலே அவர் பெயர் நினைவிற்கு வருதல் இன்றும் உண்டு.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 1881இற் பிறந்த அரசர் அண்ணாமலை செட்டியார், 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதுவே 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. விபுலானந்தர், சோமசுந்தர பாரதியார், பண்டிதமணி கதிரேசனார் ஆகியோர் அங்குத் தமிழ் கற்பித்தனர். 1956 முதல் 1961 வரை பாவாணர் அங்கு மொழியாராய்ச்சி செய்தார். தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப்பாட்டு இறுதியிற் பாடும் துக்கடாவாகக் கிடந்த காலத்தில், 1941இல் தமிழிசை மாநாட்டை அண்ணாமலை நகரிற் கூட்டுவித்தவரும், 1943இல் சென்னையிற் தமிழிசைச் சங்கம் தோன்றத் துணைநின்றவரும் அவரே. 1948இல் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தின் மாணவர் இராசேந்திரன், 1965 சனவரி 27ஆம் நாள் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்று துமுக்கிச் சூட்டிற்கு இரையானார். அப்பெயரோடு அக்குருதியும் கலந்துள்ளது.

மொழியியல் அறிஞர் இ. அண்ணாமலை, மைசூரில் உள்ள இந்திய மொழிகள் நடுவண் நிறுவனத்தின் இயக்குநராய் விளங்கியவர். தனித்தமிழ் இயக்கத்தையே ஆய்வுப்பொருளாகக் கொண்டு 1979இல் கட்டுரை எழுதியவர். தனித்தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவர் தனித்தமிழை ஆராய்ந்தது பொருத்தமே. அண்மைக் காலத்தில், காவற்பணியை விட்டு அரசியலுக்கு வந்து 2021 முதல் 2025 வரை பாரதிய சனதாக் கட்சியின் தமிழ்நாட்டுத் தலைவராய் இருந்தவர் பெயரும் அண்ணாமலையே. ஆகவே இப்பெயர் ஒரு குலத்தார்க்கோ ஒரு கட்சியார்க்கோ பட்டா எழுதிக் கொடுத்ததன்று. பாடியவரும் தாங்கினர், வழங்கியவரும் தாங்கினர், ஆராய்ந்தவரும் தாங்கினர், ஆட்சி நாடியவரும் தாங்கினர். நல்ல பெயர் நாடு முழுமைக்கும் பொது.

இனி, எதிர்வழக்காடுவார் கேட்பர்: “அருணாசலம் என்னும் பெயர் தாங்கியோர் தமிழுக்குத் தொண்டு செய்யவில்லையா?” செய்தனர், மிகச் செய்தனர். சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711-1779) இராமநாடகக் கீர்த்தனையால் தமிழிசை மூவருள் ஒருவராய்ப் போற்றப்படுகின்றார். பொன்னம்பலம் அருணாசலம் (1853-1924) 1919இல் இலங்கைத் தேசியப் பேராயத்தின் முதல் தலைவராய் அமர்ந்து, பின்னர் அதனை விட்டு விலகித் தமிழர் உரிமைக்குக் குரல் கொடுத்தார். மு. அருணாசலம் (1909-1992) நூற்றாண்டு நூற்றாண்டாகத் தமிழிலக்கிய வரலாறு எழுதி, மறைந்து கிடந்த புலவர் பலரை வெளிக்கொணர்ந்தார். இவர்கள் எவரையும் குறைசொல்வார் தமிழறியார்.

குறை அவர்கள்மேல் இல்லை. தம் பெயரைத் தாமே இட்டுக்கொண்டு பிறந்தவர் எவரும் இலர். குறை, தமிழில் இருந்தால் எளிமை, வடமொழியில் இருந்தால் உயர்வு என்று பெற்றோரை எண்ணவைத்த வழக்கத்தின்மேல்தான் உளது. அன்றியும், வேற்றுமொழிப் பெயர் சுமந்தும் தமிழுக்கு உழைத்தவர்களைக் காட்டி, வேற்றுமொழிப் பெயரே இடுக என்பது, வெயிலில் நடந்தும் ஊர் சேர்ந்தவனைக் காட்டி நிழல் மரங்களை வெட்டுக என்பது போலும்!

திரைத்துறையாரும் இவ்விரு பெயரையும் கையாண்டனர். 1992இல் ‘அண்ணாமலை’ என்றும், 1997இல் ‘அருணாசலம்’ என்றும் ஒரே நடிகர், இரசினிகாந்து, நடித்த இரு படங்கள் வந்தன. முன்னதில் பால் கறந்து விற்று உழைத்து உயர்ந்தவன் பெயர் அண்ணாமலை. அப்படம் நாடெங்கும் வரவேற்கப்பட்டது. அண்ணாமலை என்பது பட்டிக்காட்டுப் பெயர், அதற்கு மதிப்பில்லை என்பார்க்கு அதுவே போதிய மறுமொழி. ஆயினும் அப்படத்தைக் கண்டு கைதட்டியவர் எத்துணைப் பேர் தம் பிள்ளைக்கு அப்பெயரை இட்டனர்?

பிற நாட்டார் செய்தது

பெயரைப் பேணுதல் பழமைப் பித்து என்று நகைப்பார், வடகோடியில் உள்ள நார்வே நாட்டின் வரலாற்றை அறிதல் நன்று. அந்நாடு 1380 முதல் 1814 வரை தென்மார்க்கின் பிடியிலும், பின்னர் 1905 வரை சுவீடனோடு பிணைந்தும் கிடந்தது. ஆட்சியும் எழுத்தும் தென்மார்க்கு மொழியிலேயே நடந்தன. தலைநகர்க்குக் கூடத் தென்மார்க்கு அரசன் கிறித்தியானின் பெயரே சூட்டப்பெற்றது. நாட்டுமொழி உழவர் வாயில் மட்டும் உயிர்வாழ்ந்தது.

உழவர் குடியிற் பிறந்த ஐவர் ஆசென் (1813-1896) என்னும் அறிஞர் ஊர் ஊராய்த் திரிந்து, சிற்றூர் வழக்குகளைத் திரட்டி 1848இல் இலக்கணமும் 1850இல் அகரமுதலியும் வெளியிட்டார். அவர் அமைத்த நாட்டுமொழி 1885இல் அரசேற்புப் பெற்றது. அவ்வறிஞர் அத்தோடு அமையவில்லை. 1878இல் நார்வே ஆட்பெயர்களைத் தொகுத்துத் தனிநூலே வெளியிட்டார். மொழியை மீட்கப் புகுந்தவன் பெயரை மீட்காமல் விடலாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அந்நாட்டின் பழம்பெயர்களுள் ஒன்று ஓலாவு. அதன் மூலப்பொருள் ‘முன்னோரின் வழித்தோன்றல்’ என்பதாகும். 1030இல் போரில் வீழ்ந்த மன்னன் ஓலாவைப் பிற்காலத்தார் நாட்டின் காவலனாகவே கொண்டாடினர். 1905இல் நார்வே தனிநாடான போது, அரசனாகத் தென்மார்க்கு இளவரசர் கார்லைப் பொதுவாக்கெடுப்பால் தேர்ந்தனர். அரியணை ஏறுமுன் அவர் செய்தது யாது? கார்ல் என்னும் தம் பெயரை விடுத்து, ஆக்கோன் என்னும் நார்வேப் பழம்பெயரை ஏற்றார். இங்கிலாந்திற் பிறந்து அலெக்சாண்டர் என்று பெயர் பெற்றிருந்த தம் ஈரகவை மகனையும் ஓலாவு ஆக்கினார். அச்சிறுவனே 1957 முதல் 1991 வரை ஐந்தாம் ஓலாவு என்னும் பெயருடன் ஆண்டான். 1973இல் பிறந்த அவன் பெயரனுக்கு மீண்டும் ஆக்கோன் என்றே பெயரிட்டனர். 1925இல் தலைநகரும் தன் பழம்பெயரான ஒசுலோவை மீளப் பெற்றது. கவிஞர் ஓலாவு ஔகே (1908-1994) போன்றோர் அந்நாட்டுமொழியிலேயே பாடி அப்பெயர்க்கு ஒளி சேர்த்தனர்.

அங்கு, வந்தவன் தன் பெயரை நாட்டிற்கேற்ப மாற்றிக்கொண்டான். இங்கோ, இருந்தவன் தன் பெயரைப் பிறர்க்கேற்ப மாற்றிக்கொண்டான். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே தன்மானமுள்ள இனத்திற்கும் தன்னை மறந்த இனத்திற்கும் உள்ள வேறுபாடு.

பெயரன் என்னுஞ் சொல்

ஓலாவு என்னும் ஒரு பெயரில் நார்வேயார் வைத்த கருத்தைத் தமிழர் ஓர் உறவுமுறைச் சொல்லிலேயே வைத்துள்ளனர். மகனுக்கு மகன் பெயரன், பேச்சுவழக்கிற் பேரன். பாட்டன் பெயரைத் தாங்குதலால் அவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குதலால் அவள் பெயர்த்தி. பெயர் தாங்கவில்லையெனின் அவன் மகனின் மகனேயன்றிப் பெயரனல்லன். இன்று தமிழ்நாட்டு வீடுகளிற் பேரன்கள் பலர் உளர், பெயரன்கள் சிலரே. நார்வேயிற் குடியேறிய ஈழத்தமிழருள் தம் பிள்ளைகட்குத் தேடித் தேடித் தமிழ்ப்பெயர் இடுவோர் உளர். பனிநாட்டில் வாழ்வார்க்கு உள்ள உணர்வு மலையடிவாரத்தார்க்கு இல்லாதது என்னை?

“பழம்பெயர் இட்டால் பள்ளியில் ஏளனம் செய்வர்” என்பார் உளர். ஏளனம் செய்வது பெயரையன்று; பெயரின் பொருளை அறியாமையே ஏளனமாய் வெளிப்படுகின்றது. அண்ணாமலை என்றால் யாது என்று ஆசிரியர் ஒருநாள் விளக்கின், அதே வகுப்பு அப்பெயரை அண்ணாந்து நோக்கும். “எண்கணியம் பார்த்தோம், எழுத்து ஒத்துவரவில்லை” என்பாரும் உளர். ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கழித்து, தமிழ்ப்பிள்ளையின் வாழ்வைக் கணிக்கும் மடமைக்கு மறுமொழி கூறுதல் வீண். “அது சமயப்பெயர், எமக்கு ஆகாது” என்பார்க்கோ தடையில்லை. அறிவும் அன்பும் வீரமும் இயற்கையும் குறித்த தமிழ்ப்பெயர்கள் எண்ணிறந்தன உள. வேண்டுவது ஒன்றே: பெயரைக் கேட்டவுடன் பிள்ளைக்கு அதன் பொருள் அவன் தாய்மொழியிலேயே விளங்குதல் வேண்டும்.

செயல் கடினமன்று. பிறப்புப் பதிவு செய்கையிற் பெயரிடாது விட்டிருப்பினும், ஓராண்டு வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்க முறையுண்டு. தமிழில் பெயரெழுதுவோர் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதுதல் வேண்டும் என்று தமிழ்நாட்டரசு 2021இல் ஆணையும் பிறப்பித்துள்ளது. ஆணை ஏட்டில் உள்ளது. அதனை நாட்டில் நடத்துவது பெற்றோர் கையிலும் ஆசிரியர் கையிலும் உள்ளது. மயிலாடுதுறைக்கு 1982இல் இயன்றது, கோயிற் பெயர்ப்பலகையில் அண்ணாமலையார் என்று எழுதுதற்கு மட்டும் இயலாதோ? அரசு செய்யுங்காலம் செய்க. அதுவரை ஒவ்வொரு வீட்டு வாயிலும் ஒரு பெயர்ப்பலகைதான்.

அடுத்த கார்த்திகையிலும் மலையுச்சியிற் சுடர் எழும். கீழ்பென்னாத்தூர்க் கொல்லை வரப்பில் நின்று ஒரு முதியவர் மேற்கே கைகாட்டி, “அதோ அண்ணாமலை” என்பார். அவ்வேளை அருகில் நிற்கும் சிறுவன், “அஃது என் பெயராயிற்றே!” என்று துள்ளுவானாயின், அன்று அவர்க்கு வாய்த்தவன் பேரனல்லன், பெயரன்.

மலை அங்கேயே நிற்கின்றது. பெயரனே வரல் வேண்டும்!